குண்டு துளைத்தும் நிற்காத டாங்கிகள்

பீரங்கிக் குண்டு டாங்கியைத் துளைக்கிறது. அதுவோ ஒன்றும் நடவாதது போல் முன்னேறி வருகிறது! இது என்ன மாயம்?

ஜொகூரில், மூவாரை அடுத்த பக்ரியில் 1942 ஜனவரி 18ஆம் தேதி காலை இப்படித்தான் நடந்தது. சாலை வழியே வந்த ஜப்பானிய டாங்கிகளை ஆஸ்திரேலியப் பீரங்கி வீரர்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். குறி தவறவில்லை, டாங்கிகளும் நிற்கவில்லை.

காரணம் எளிது. மூன்று பேர் அமர்ந்து செலுத்தும் அந்த இலகு ரக டாங்கியின் கவசம், மிகத் தடித்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர்தான். முதலில் சுட்டவையோ கெட்டியான கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்ட குண்டுகள். அவை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. உள்ளே இருப்பவர் மீதோ இயந்திரத்தின் மீதோ படாவிட்டால் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதைப் புரிந்துகொண்ட வீரர்கள், வெடித்துச் சிதறும் குண்டுகளுக்கு மாறினார்கள். ஒன்பது டாங்கிகள் அழிந்தன.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. ஜப்பானியக் காலாட்படை காட்டுவழியே சுற்றிவந்து பின்னால் சாலையை மறித்தது. ஆஸ்திரேலியர்களும் 45ஆவது இந்தியப் படைப்பிரிவினரும் போரிட்டபடியே பாரிட் சூலோங் பாலம் வரை பின்வாங்கினார்கள். பாலத்தைக் கடக்க முடியவில்லை. தப்பியவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள். நடக்க இயலாமல் அங்கேயே விடப்பட்ட காயமுற்றவர்களில் சுமார் 110 ஆஸ்திரேலியர்களும் 40 இந்தியர்களும் ஜனவரி 22ஆம் தேதி சிறைப்பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

டாங்கி நிற்காததற்கு விளக்கம் இருக்கிறது. எதிர்க்க வலுவற்றவர்களைக் கொன்றதற்கு எந்த விளக்கத்தை ஏற்பது?