களவு போன காரும் கைவந்த காரும்

களவு போன காருக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கும். அந்தக் காரோடு போன காலத்திற்கு ஈடு கிடைப்பதில்லை. பாரிஸ் மாநகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வுண்மையை ஒரு காலைப்பொழுதில் உணர்ந்தார். தந்தையார் விட்டுச் சென்ற கறுப்பு நிறச் சித்ரோஎன் 'திராக்சியோன்' கார் இரவோடிரவாகக் கொட்டகையிலிருந்து மறைந்துவிட்டது. பொலிசார் முறைப்பாட்டை எழுதிக்கொண்டனர். மாதங்கள் கடந்தன, கார் வரவில்லை, பணமே வந்தது.

"அதைப் போலவே இன்னொன்று வாங்குவேன்" என்றார் ஆசிரியர். "அது வேறு, அதைப் போன்றது வேறு. நம் இருவருக்கும் ஏற்றதைத் தேடுவோம்" என்றார் மனைவியார்.

திராக்சியோன் 1934 முதல் 1957 வரை ஏழரை இலட்சத்திற்கு மேல் உருவான கார். முன்சக்கரங்களே அதனை இழுத்துச் செல்லும். தாழ்ந்த உடலமைப்பால் வளைவுகளிலும் தளராது ஓடும். இதனை உருவாக்கிய செலவு அந்திரே சித்ரோஎனைக் கடனில் ஆழ்த்தியது. நிறுவனம் மிச்சலின் கைக்கு மாறியது; 1935இல் அவர் காலமானார். 1946இல் பாரிசைக் கலக்கிய கொள்ளைக் கூட்டமொன்று இக்காரில் விரைந்து தப்பியதால் 'திராக்சியோன் கூட்டம்' என்றே பெயர் பெற்றது. "கள்வருக்கு என்றும் பிடித்த கார்" என்று ஆசிரியர் கசப்போடு நகைத்தார். ஆயினும் மெதுவாகச் செல்லும்போது அதன் சுக்கானைத் திருப்ப நல்ல கைவலு வேண்டும். மனைவியாரால் அதனை ஓட்ட இயலாது.

அடுத்து அவர் மனம் நாடியது 'டி.எஸ்.' காரை. பிரெஞ்சு மொழியில் இவ்வெழுத்துக்களை உச்சரித்தால் 'தேவி' என்னும் சொல்லாக ஒலிக்கும். 1955 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் இதற்குப் பதிவு செய்தனர். உருக்கு வில்லுக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் இதனைத் தாங்குகின்றன. 1962 ஓகஸ்ட் 22இல் ஜனாதிபதி தெகோல் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தபோது, ரயர்கள் துளைபட்டும் அவருடைய டி.எஸ். நில்லாது ஓடி அவரைக் காத்தது. ஆனால் அந்த எண்ணெய்க் குழாய்களில் கசிவு ஏற்பட்டால் கைதேர்ந்தவரைத் தேடியே செல்லவேண்டும்; மேற்றகடுகளின் பின்னே மறைந்திருக்கும் துருவோ கண்ணுக்குப் புலப்படாது.

எஞ்சியது 'டெ ஷெவோ'. இரண்டு குதிரை என்பது இதன் பொருள். இரு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சுமக்கவேண்டும் என்பதே இதன் இலக்கு. 1948இல் அறிமுகமாகி, 9 குதிரைவலுவோடு தொடங்கி, 1990 வரை 38 இலட்சத்திற்கு மேல் வெளிவந்தது. காற்றாலேயே குளிரும் இயந்திரமாதலால் தண்ணீர் ஊற்றும் தொல்லையில்லை. உடற்பகுதிகளை ஆணி கழற்றி மாற்றலாம். அடிச்சட்டமுங்கூட இன்று புதிதாய்க் கிடைக்கிறது.

மலிவாக ஒன்று இருப்பதாக அறிந்து இருவரும் சென்றனர். வர்ணம் புதிது, விலையும் குறைவு. ஆனால் பதிவுப் பத்திரத்திலிருந்த இலக்கமும் அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கமும் பொருந்தவில்லை. "அது சிறு விடயம்" என்றான் விற்பவன். ஆசிரியர் கதவை மெல்லச் சாத்தினார். "யாரோ ஒருவர் இந்தக் காரைத் தேடிக்கொண்டிருக்கிறார்" என்று மனைவியாரிடம் மட்டும் சொல்லித் திரும்பினார். களவு கொடுத்தவன் களவுப் பொருளை வாங்கினால், கள்வனுக்குக் கைகொடுத்தவனாவான் அன்றோ?

பின்னர் கூடுதல் விலைக்கு, ஆதிமுதல் பத்திரங்கள் ஒழுங்காயிருந்த சாம்பல் நிற டெ ஷெவோ ஒன்றை வாங்கினர். புதிய பூட்டு இட்டனர். மின்கலத்தின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மறைவான விசையையும் பொருத்தினர்.

இப்போது ஞாயிறுதோறும் காரை ஓட்டுபவர் மனைவியார். ஆற்றங்கரையை அடைந்ததும் காரின் ஆசனங்களைக் கழற்றிப் புல்லின் மேல் வைத்து இருவரும் உணவருந்துவர். வழியில் கறுப்புத் திராக்சியோன் ஒன்று எதிர்ப்பட்டால், ஆசிரியர் இன்றும் அதன் இலக்கத்தைப் பார்க்கத் தவறுவதில்லை. மனைவியாரோ ஒன்றும் சொல்லாமல் வேகத்தைச் சற்றே குறைத்துக்கொடுப்பார்.