தபேலாவுக்கு ஒரு கான்செர்டோ: மும்பையில் அரங்கேறிய 'பேஷ்கார்' எழுப்பும் கேள்வி

மும்பை: செம்பூர், மாதுங்கா தமிழர்களுக்குக் கர்நாடக இசை என்றால் சண்முகானந்தா அரங்கம். 1952-இல் தொடங்கிய சபா, 1963-இல் கட்டிய அரங்கம் அது. 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தந்தை அல்லா ரக்கா மறைந்த பிப்ரவரி 3-ஆம் நாளில் தபேலா மேதை ஜாகிர் உசேன் பல ஆண்டுகள் நினைவு இசைவிழா நடத்தியதும் அங்கேதான். தாராவியை ஒட்டிய மாகிமில் 1951-இல் பிறந்தவர் அவர்.

அதே நகரின் தென்கோடியில், நரிமன் முனையிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தில், 2015 செப்டம்பரில் அவர் வேறொரு வகை இசையை முன்வைத்தார். தபேலாவுக்கும் இந்திய சிம்பொனி இசைக்குழுவுக்குமாக அவர் இயற்றிய 'பேஷ்கார்' என்ற கான்செர்டோ அன்று முதன்முறையாக ஒலித்தது. தபேலா தனி வாசிப்பின் தொடக்கப் பகுதிக்குப் பேஷ்கார் என்று பெயர்.

அரங்கேற்றம் என்றால் இன்று கலைஞரின் முதல் மேடையையே நினைக்கிறோம். முன்பு அது நூலுக்கும் உரியதாக இருந்தது. கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது மரபு. மேலை இசையில் ஓபராவும் கான்செர்டோவும் இந்தப் பொருளில்தான் அரங்கேறுகின்றன. அரங்கேறிய படைப்பை அதன்பின் பிறரும் நிகழ்த்தலாம்.

இந்தியக் கலைஞருக்குச் சிக்கல் இங்கேதான். கச்சேரியில் தீர்மானத்தை எப்போது வைப்பது என்பது வாசிப்பவரின் விருப்பம். கான்செர்டோவிலோ பல டஜன் கலைஞர்கள் தாளில் உள்ளதைப் பார்த்து, நடத்துநரின் கையசைவுக்கேற்ப வாசிக்கிறார்கள். மனோதர்மத்துக்கு அதில் இடமே இல்லை என்பதும் சரியல்ல. மோட்சார்ட் காலத்தில் 'கடென்சா' என்ற தனிவாசிப்புப் பகுதியைக் கலைஞரே அப்போதைக்கப்போது கற்பனை செய்வார். 1809-இல் பீத்தோவன் தமது ஐந்தாம் பியானோ கான்செர்டோவில் அப்பகுதியையும் எழுதியே வைத்தார். செவித்திறன் குன்றியிருந்த அவரால் அதை மேடையில் வாசிக்க இயலவில்லை, வாசிக்கப்போகிறவர் வேறொருவர்.

இவ்வழியில் முன்சென்றவர் பண்டிட் ரவிசங்கர். அவரது முதல் சிதார் கான்செர்டோ 1971-இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் அரங்கேறியது. 1981-இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழு 'ராகமாலா'வை வாசித்தபோது நடத்தியவர் மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா. தந்தையிடமே பயின்ற அனுஷ்கா சங்கர் இருந்ததால், ரவிசங்கர் இல்லாமலும் அவரது கான்செர்டோக்களை வாசிக்க ஆள் இருந்தது. அவருக்காகவே இயற்றிய மூன்றாவது கான்செர்டோ 2009-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஒலித்தது.

ரவிசங்கர் தமது மனைவி சுகன்யாவின் பெயரைக் கொண்ட மகாபாரதக் கதையை ஓபராவாக்கத் தொடங்கி, முடிக்காமலேயே 2012-இல் காலமானார். நடத்துநர் டேவிட் மர்ஃபி, அனுஷ்காவின் துணையுடன் அதை நிறைவு செய்தார். 'சுகன்யா' 2017-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அரங்கேறியது.

ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். 'பேஷ்கா'ரில் வயலின்களும் குழல்களும் வாசிக்க வேண்டியவை தாளில் உள்ளன. தபேலாவின் சொற்கட்டுகளையும் எழுதிவிடலாம். ஆனால் ஒரு சொல்லை எவ்வளவு அழுத்தி, எங்கே சற்றே தாமதித்து வாசிப்பது என்பது குருவிடம் அமர்ந்து பழகியவருக்கே கைவரும். இப்படைப்பை இனி மேடையேற்றும் இசைக்குழு முதலில் தேட வேண்டியவர் அப்படியொரு சீடரைத்தான்.