மாற்றுப் போதையா, மருந்தா?: ஓபியாய்டு அடிமைநிலைக்கான மெத்தடோன் சிகிச்சை

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானோர்க்கு மெத்தடோன் வழங்குவது, ஒரு போதைக்கு ஈடாக இன்னொரு போதையைத் தருவதே என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அம்மருந்து செயற்படும் முறையைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெத்தடோன் சிகிச்சையின் முதல் முடிவுகளை வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் 1965ஆம் ஆண்டு நியூயார்க்கிலிருந்து வெளியிட்டனர். ஹெராயினின் விளைவு சில மணிநேரத்தில் தணிந்துவிடும். தொடர்ந்து உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை முதலான விலகல் அறிகுறிகள் தோன்றும். ஆகவே அடிமையானவரின் நாள் அடுத்த ஊசியைத் தேடுவதிலேயே கழிகிறது. வாய்வழி உட்கொள்ளும் மெத்தடோனும் மூளையின் அதே ஏற்பிகளிலேயே செயற்படுகிறது. எனினும் மெல்லத் தொடங்கி, ஏறத்தாழ ஒருநாள் நிலைக்கிறது. உரிய அளவில் நாள்தோறும் பெறுபவருக்குப் போதை மயக்கமும் இல்லை, விலகல் துன்பமும் இல்லை. பணிக்குச் செல்லவும் குடும்பத்தைப் பேணவும் அவரால் இயலும். உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருத்தல் வேறு, வாழ்வு போதைக்கு அடிமைப்படுதல் வேறு என்பது இதனால் பெறப்படுகிறது.

எனவே, மருந்தை விரைந்து நிறுத்துவதையே வெற்றியாகக் கருதுதல் தவறாகும். நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் குறைகிறது. மீண்டும் ஹெராயினை நாடுவோர்க்கு, முன்பு பழகிய அளவே மூச்சடக்கி உயிரைப் பறிக்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனை 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தமை இப்பின்னணியில் நோக்கத்தக்கது.