நடுவயதில் உதிரும் கூந்தல்: எண்ணெய்க்கு முன் காரணத்தைத் தேடுங்கள்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தாராவியில் வசிக்கும் ஒரு சகோதரி என் மனைவியோடு என் முன் வந்து நின்றார். வயது 46. வீட்டிலிருந்தே தோல் பைகள் தைத்துக் கொடுப்பவர். முக்காட்டைச் சற்றே விலக்கி, "பாஸ்டர், முடியெல்லாம் கொட்டிப் போகுது, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். நெற்றி முதல் உச்சி வரை வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது. நான் ஜெபித்தேன். ஆனால் ஜெபத்துக்கு முன், புறம்பான அழகைக் குறித்து ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்தே என் மனைவியிடம் அவர் முழுவதையும் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் பத்து நாள் வரை நீடித்து, உதிரம் மிகுதியாகப் போய்க்கொண்டிருந்தது. "நிற்கப்போகிற வயது, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே தேற்றிக்கொண்டார். இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதற்கிடையில் முடி வளர்க்கும் சிகிச்சை நிலையம் ஒன்றில், ஊரில் வீடு கட்டச் சேர்த்திருந்த பணத்திலிருந்து தவணை முறையில் 40,000 ரூபாய் கட்டியிருந்தார். அங்கே ஒருவரும் ஓர் இரத்தப் பரிசோதனைகூடக் கேட்கவில்லை. என் மனைவி அவரைச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஹீமோகுளோபின் 7.4 என்றும், கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறது என்றும் தெரியவந்தது. முடி உதிர்ந்தது அந்த நோயின் ஓர் அடையாளம். அதை நான் அழகின்மேல் உள்ள ஆசை என்று எண்ணிவிட்டேன். சுவிசேஷத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்தவன், என் முன்னே நின்ற அப்படிப்பட்ட ஒருவரை அடையாளம் காணவில்லை.

ஆகவேதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அதற்குப்பின் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை.

முடி ஏன் உதிர்கிறது?

மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்து, பின்பு உதிரும். அதே வேரில் புதிய முடி முளைக்கும். ஆகையால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. சீப்பில் முடியைக் கண்டவுடன் கலங்க வேண்டியதில்லை.

நடுவயதுப் பெண்களிடம் பொதுவாக இரண்டு வகைகளைக் காண்கிறோம். முதலாவது, படிப்படியாக அடர்த்தி குறைவது. முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலும். பரம்பரையும், மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றமும் இதில் சேர்ந்து செயல்படுகின்றன. வேர் மடிவதில்லை. ஆனால் அதிலிருந்து வரும் முடி மெலிந்துகொண்டே போகிறது.

இரண்டாவது, திடீரென்று கொத்துக் கொத்தாக உதிர்வது. கடும் காய்ச்சல், டெங்கு, கொரோனா, அறுவை சிகிச்சை, மிகுந்த துக்கம், வேகமாக எடை குறைதல் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு இது தோன்றும். காரணம் கடந்த காலத்தில் இருப்பதால், நேற்று மாற்றிய ஷாம்பூவின்மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது தானாகவே அடங்கும்.

இவ்விரண்டையும் மோசமாக்குபவை இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. வீட்டாருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் தாய்மார்கள் இக்கணக்கில் எத்தனை பேர் என்று சிந்தியுங்கள்.

வட்டவட்டமாக முடி கொட்டினாலும், தலைத்தோலில் எரிச்சல், செதில், பளபளப்பான தழும்பு தோன்றினாலும் தாமதிக்காதீர்கள். சில நோய்களில் வேரே அழிந்துவிடும். பின்பு எந்த மருந்தும் அதை மீட்காது.

புல்டாணா கற்றுத்தந்த பாடம்

2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜனவரியிலும் நமது மகாராஷ்டிர மாநிலத்தின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் 200-க்கும் மேற்பட்டோருக்குச் சில நாட்களுக்குள் தலைமுடி கொட்டிப்போனது. முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். பூஞ்சைத் தொற்று என்றும் சொன்னார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவும் வந்து ஆராய்ந்தது. தேள் கடி மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், அக்கிராமங்களில் உண்ட ரேஷன் கோதுமையில் செலீனியம் என்னும் தாது மிகுந்திருந்ததைத் தம் ஆய்வில் கண்டு, அதுவே காரணம் என்று 2025 பிப்ரவரியில் தெரிவித்தார். அங்கே உதிர்ந்தது தலையில். கேள்வி எழுந்ததோ உண்ட உணவைக் குறித்து. அவ்வூரார் எண்ணெய் வாங்கித் தேய்ப்பதோடு நின்றிருந்தால் கோதுமையை யார் சோதித்திருப்பார்கள்?

நம் மக்களோ "பம்பாய்த் தண்ணீர்தான் காரணம், தாமிரபரணித் தண்ணீரில் குளித்தபோது முடி எப்படி இருந்தது" என்கிறார்கள். தான்சா, பாட்சா, வைதர்ணா முதலிய ஏரிகளிலிருந்து வரும் நம் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானதே. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் உப்பாக இருக்கலாம். அது முடியைச் சொரசொரப்பாக்கலாம். ஆனால் இங்கே வகிடு அகல்வதன் காரணம் வேரில் இருக்கிறது. ஊரில் குளித்த காலத்தில் நமக்கு வயது 20 என்பதையும் மறக்கலாகாது.

முதலில் செய்யவேண்டியது

தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அருகே, சயான் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பரேலில் கே.ஈ.எம். மருத்துவமனை உண்டு. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் தவணை கட்ட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின், உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகளைக் குறித்துக் கேளுங்கள். மாதவிடாய் மிகுதியாகப் போகிறதென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ வேறு நோய்க்கோ உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

ஓர் எச்சரிக்கை: முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரைகளைப் பலர் உண்கிறார்கள். அந்தச் சத்துக் குறைவு அரிதானது. அதோடு, மிகுதியான பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டு அளவும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவும் தவறாகத் தெரியக்கூடும். ஆகவே அதை உண்கிறீர்கள் என்று பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தச் சிகிச்சை?

இரத்தசோகையோ தைராய்டோ காரணமானால் அதற்கான மருந்தே முடிக்கும் மருந்து. வகிடு அகலும் வகைக்கு மிக நன்றாக ஆராயப்பட்ட மருந்து, தலைத்தோலில் தடவும் மினாக்ஸிடில். இது முடிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1979-இல் அமெரிக்காவில் இரத்த அழுத்த மாத்திரையாக அனுமதி பெற்றது. அதை உண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்டே, தடவும் மருந்தாக்கினார்கள். 1988-இல் ஆண்களுக்கும், 1991-இல் 2 சதவீத அளவில் பெண்களுக்கும், 2014-இல் 5 சதவீத நுரை வடிவில் பெண்களுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

இதைத் தொடங்குமுன் நான்கு காரியங்களை அறிந்துகொள்ளுங்கள்.

1. முதல் சில வாரங்களில் முடி முன்னிலும் அதிகமாக உதிரலாம். ஓய்ந்திருந்த பழைய முடி, புதியதற்கு வழிவிடுகிறது. பலர் இங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

2. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதால் இதில் அவசரம் உதவாது. 20 வயதின் கூந்தல் திரும்பாது. உதிர்வது குறைந்து, ஓரளவு அடர்த்தி கூடினால் அதுவே வெற்றி.

3. நிறுத்தினால் சில மாதங்களில் பெற்ற பலன் போய்விடும். ஆகவே தொடர்ந்து வாங்க முடியுமா என்று குடும்பத்தோடு கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்.

4. நெற்றியிலும் கன்னத்திலும் பூனைமுடி வளரலாம், அரிப்பு வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டும்.

இப்போது இதையே குறைந்த அளவில் மாத்திரையாகவும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். கால்வீக்கம், படபடப்பு உண்டாகக்கூடும் என்பதால் இருதய நோயுள்ளவர்கள் தாமாக வாங்கி உண்ணவே கூடாது. ஸ்பைரனோலாக்டோன், ஃபினாஸ்டிரைட் போன்ற ஹார்மோன் சார்ந்த மாத்திரைகளும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. கருவுற வாய்ப்புள்ள பெண்களுக்கு அவை ஆபத்து.

நம் இரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாகச் செலுத்தும் பி.ஆர்.பி. சிகிச்சையால் சிலருக்குப் பலன் உண்டு. ஆனால் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை; செலவும் மிகுதி. முடி நடும் அறுவை சிகிச்சை, தலை முழுவதும் மெலிந்துபோன பெண்களுக்குப் பல வேளைகளில் பொருந்தாது. எடுத்து நடுவதற்கு உறுதியான முடி எங்கேனும் மிஞ்சியிருக்க வேண்டுமே! 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரும், 2019-இல் மும்பையில் ஒரு வியாபாரியும் இச்சிகிச்சைக்குப்பின் இறந்தார்கள். அதைத் தகுந்த பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

விளம்பரங்களை நம்பலாமா?

நம் நாட்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த மருந்தும் குணமாக்குவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தில், ஒரு கூந்தல் கிரீமைப் பூசியும் முடி வளராத ஒருவர் வழக்குத் தொடுத்தார். திருச்சூர் நுகர்வோர் நீதிமன்றம் தயாரிப்பாளருக்கும், விளம்பரத்தில் தோன்றிய நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்த செய்தி 2021 ஜனவரியில் வெளியானது.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா? வேண்டும். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று மும்பை ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது வளர்ந்த முடியைக் காக்கும். வேரிலிருந்து புதிதாக முளைக்கச் செய்யாது. ஆகையால் மாட்டுங்காவின் நம் ஊர்க் கடையில் சாதாரணத் தேங்காய் எண்ணெய் போதும். மூலிகைப் பெயருக்காக நான்கு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. கொண்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரத்தலையை அழுத்தி வாராதீர்கள்.

குடும்பத்தாருக்கும் சபையாருக்கும்

மனைவியின் தலையைக் குறித்துப் பரிகாசம் பேசாதிருங்கள். மருத்துவமனை வரிசையில் ஒருநாள் அவளோடு நில்லுங்கள். சபையில் மூத்த தாய்மார்கள், "உனக்கு ஏன் இந்த வயதில் இந்தக் கவலை?" என்று கேட்காதிருப்பார்களாக. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோருக்கு, பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். சிகிச்சையே வேண்டாம், இப்படியே இருந்துகொள்கிறேன் என்று ஒரு சகோதரி தீர்மானித்தால் அதுவும் நல்ல தீர்மானமே. ஆனால் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அந்தத் தீர்மானத்தை எடுக்கட்டும்.

அச்சகோதரிக்கு இரும்புச் சத்து ஏற்றி, கட்டிக்கும் சிகிச்சை அளித்தார்கள். ஐந்தாறு மாதத்தில் கொத்தாக உதிர்வது நின்றது. வகிட்டின் அகலம் ஓரளவே குறைந்தது. அதற்குத் தடவும் மருந்தை இன்றும் பயன்படுத்துகிறார். இப்போது நின்று இளைப்பாறாமல் படியேறுகிறார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அன்னைக்கு முடியைப் பத்திச் சொல்லவே எனக்கு ரொம்பத் தைரியம் வேண்டியிருந்தது பாஸ்டர். மத்ததை எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

சகோதரிகளே, நம் தலைமுடியின் எண்ணிக்கையையும் அறிந்திருக்கிற பிதா, நீங்கள் சொல்லக் கூசுகிற வேதனையையும் அறிவார். அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். உங்கள் ஊழியக்காரன் அந்நாளில் என்னைப்போல் இருந்தால், அவருடைய மனைவியிடமாவது சொல்லுங்கள்.