கருதலளவையும் வாசிப்புத் தேர்வும்

மலையிற் புகை கண்டு ஆங்கே தீ உண்டெனத் துணிதலைக் கருதலளவை என்பர் அளவை நூலார். ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில், 60 நிமிடத்தில் விடையிறுக்கும் 40 வினாக்களுட் சில இவ்வளவையை வேண்டுவன. ஒரு கூற்று மெய்யா, பொய்யா, பந்தியிற் கூறப்படவில்லையா எனத் தெரிதல் வேண்டும்.

‘இவ்வாண்டும் குளம் நிரம்பவில்லை’ என்பது பந்தியாகுக. ‘முன்னரும் ஓராண்டு நிரம்பவில்லை’ என்பது மெய், எச்சவும்மையே சான்று. ‘இவ்வாண்டு நிரம்பிற்று’ என்பது பொய். ‘மழை பொய்த்தமையால் நிரம்பவில்லை’ என்பதோ கூறப்படவில்லை, கரை உடைந்துமிருக்கலாம்.

பலவுங் கற்ற மாணவரும் இங்கு இடறக் காண்கின்றோம். தாம் அறிந்ததைப் பந்தியின்மேல் ஏற்றுதலே காரணம். மெய்யென்றோ பொய்யென்றோ எழுதுமுன் அதற்குரிய சொல்லைப் பந்தியிற் சுட்டுக. சுட்ட இயலாதாயின் ‘கூறப்படவில்லை’ என்பதே விடை. புகை தீயைக் காட்டும். தீ மூட்டியவனைக் காட்டாது.