ரிம் மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் கார் வைத்திருக்கும் இளைஞர்களிடம், காரில் முதலில் எதை மாற்ற ஆசை என்று கேட்டால், ரிம் என்ற பதில்தான் அதிகம் வரும். வார இறுதி இரவில் ஜூரு ஆட்டோ சிட்டி பக்கம் ஒரு சுற்று வந்தால் காரணம் புரிந்துவிடும். ஒரே நிறத்தில் ஒரே மாதிரியான இரண்டு கார்கள் நின்றால், எது யாருடையது என்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது சக்கரம்தான்.

ஆசையில் தவறில்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய காரை அழகுபடுத்திப் பார்ப்பது இயல்புதான். ஆனால் ரிம் என்பது இருக்கை உறையைப் போன்றதோ கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரைப் போன்றதோ அல்ல. பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும், குழியில் இறங்கும்போதும் காரின் மொத்தப் பாரத்தையும் தாங்குவது அந்த நான்கு வட்டங்களே. ஒரு ரிம் உடைந்தால் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டுமல்ல. பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மாவுக்கும், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கும் சேர்த்துத்தான். ஆகவே கடைக்குப் போகும் முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

அழகா, வேகமா?

ஸ்போர்ட்ஸ் கார்களில் ரிம் மாற்றும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கியதல்ல. எடையைக் குறைப்பதற்காகத் தொடங்கியது. சக்கரம், டயர், பிரேக் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. இந்த எடை குறைந்தால், மேடு பள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டு விலகாமல் ஒட்டி ஓடும். அதோடு, சக்கரம் சுழலும் பொருள் என்பதால், அதை வேகப்படுத்தவும் நிறுத்தவும் தேவைப்படும் சக்தியும் குறையும்.

ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'டி.இ.37' ரிம் இதற்குச் சரியான உதாரணம். பெயரில் உள்ள 37 என்ற எண், அந்த ரிம்மின் முதல் 15 அங்குல அளவு 3.7 கிலோ எடை மட்டுமே இருந்ததைக் குறிக்கிறது. அதாவது, அந்த ரிம் தன் எடையையே பெயராக வைத்துக் கொண்டது. அதே தோற்றத்தில் மலிவாக வார்த்த ரிம் ஒன்றைப் பொருத்தி, காரில் இருந்த பழைய ரிம்மைவிட எடை கூடிவிட்டால், செலவு செய்து காரை மந்தமாக்கியதுதான் மிச்சம்.

பெரிய ரிம் என்றால் நல்ல ரிம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ரிம்மின் அளவு கூடக் கூட டயரின் பக்கச் சுவர் குறைகிறது. 215/45 ஆர்17 டயரின் பக்கச் சுவர் ஏறக்குறைய 97 மில்லிமீட்டர். 215/40 ஆர்18 என்றால் 86 மில்லிமீட்டர். 215/35 ஆர்19 என்றால் 75 மில்லிமீட்டர்தான். பிறை தொழிற்பேட்டைக்கு கனரக லோரிகள் ஓடும் சாலைகளில், மழைக்குப் பிறகு நீர் நிறைந்த குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த நேரத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச் சுவரே. அன்றாடம் வேலைக்கு ஓட்டும் காருக்கு, தொழிற்சாலை கொடுத்த அளவைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது.

பொருந்துமா? எண்கள் சொல்லும்

கடைக்காரர் "எல்லாம் சரியாக இருக்கும்" என்று சொல்வது போதாது. ரிம்மின் பின்புறத்தில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

முதலாவது, பி.சி.டி. போல்ட் துளைகள் எத்தனை, அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது இது. பெரோடுவா மைவி, புரோட்டோன் வீரா, பழைய ஹோண்டா சிவிக் 'இ.கே.' ஆகியவற்றுக்கு 4×100. டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காருக்கு 5×100. 100-க்கும் 114.3-க்கும் உள்ள வேறுபாட்டைத் துளையைக் குடைந்து சரிசெய்து தருவதாகச் சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவதே நல்லது.

இரண்டாவது, நடுத்துளை. பி.சி.டி. ஒன்றாக இருந்தாலும் நடுத்துளை வேறாக இருக்கலாம். மைவிக்கு 54.1 மில்லிமீட்டர்; வீராவுக்கும் சிவிக் இ.கே.வுக்கும் 56.1. மைவியின் ரிம் வீராவில் ஏறாது. வீராவின் ரிம் மைவியில் ஏறும். ஆனால் சுற்றிலும் இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்ப 'ஹப் ரிங்' என்னும் வளையம் போட வேண்டும். சில வெள்ளி விலையுள்ள அந்த வளையம் இல்லாவிட்டால் ரிம் நடுவில் சரியாக உட்காராமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். காரணம் தெரியாமல் டயரை மாற்றி, பேலன்ஸிங் செய்து, பணம் செலவழிப்பவர்களும் உண்டு.

மூன்றாவது, அகலமும் ஆஃப்செட்டும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 2012-இல் வந்த டொயோட்டா 86 காரின் 17 அங்குல ரிம் 7 அங்குல அகலமும் +48 ஆஃப்செட்டும் கொண்டது. அதற்குப் பதிலாக 8.5 அங்குல அகலத்தில் +35 ஆஃப்செட் ரிம் போட்டால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பார்த்தால், வெளிப்பக்கம் 32 மில்லிமீட்டரும், உட்பக்கம் 6 மில்லிமீட்டரும் கூடுதலாக நீளும். 32 மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் நீளத்தில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் நான்கு பேர் ஏறி, கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது டயரின் தோள் மட்கார்டில் உரச அதுவே போதும். வீல் பேரிங் மீதும் சுமை கூடும்.

நான்காவது, டயரோடு சேர்த்த மொத்த விட்டம். 215/45 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 625 மில்லிமீட்டர். 215/40 ஆர்18 டயரின் விட்டம் 629. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் 225/45 ஆர்18 போட்டால் 660 ஆகிவிடும். வேக மீட்டர் முன்பு காட்டிய அதே 110-ஐக் காட்டும்போது, கார் மணிக்கு 6 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக் கொண்டிருக்கும். வேகக் கேமரா மீட்டரைப் பார்ப்பதில்லை.

ஐந்தாவது, தாங்கும் பாரம். ஒரு ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்பது நல்ல ரிம்களில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆட்களும் பொருள்களும் ஏறிய பிறகு, காரின் அதிக பாரம் விழும் அச்சின் எடையில் பாதியாவது ஒவ்வொரு ரிம்மும் தாங்க வேண்டும்.

சிறிய நட், பெரிய ஆபத்து

ரிம்மைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் நட்டைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. ஹோண்டா கார்களின் அசல் நட்டின் அடிப்பகுதி உருண்டை வடிவம். வெளியில் விற்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவ நட் தேவை. பழைய நட்டையே புதிய ரிம்மில் முடுக்கினால், இறுகியது போலத் தெரியும்; ஆனால் உலோகம் முழுவதும் பொருந்தி உட்காராது. ஓட ஓடத் தளரும்.

நட்டின் திருகு அளவும் முக்கியம். டொயோட்டா கார்களில் பொதுவாக 1.5 அளவுத் திருகு. ஆனால் சுபாரு தொழிற்சாலையில் உருவான டொயோட்டா 86 காருக்கு 1.25. பெயரைப் பார்த்து நட் வாங்கினால் ஸ்டட் கெட்டுவிடும். நட்டைக் கார்க் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். புதிய ரிம் போட்டு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

ஓரியா, காப்பியா?

இங்குதான் வாக்குவாதம் தொடங்குகிறது. "பந்தயமா ஓட்டப் போகிறேன்? காப்பியே போதும்" என்பது பலருடைய பதில். அசல் ரிம் ஒரு செட் பல ஆயிரம் வெள்ளி. மாதச் சம்பளத்தில் கார்த் தவணை கட்டும் இளைஞரிடம் அதை வாங்கச் சொல்வது நியாயமா என்ற கேள்வியும் சரியானதே.

ஆனால் விலை குறைந்த ரிம்மும் போலி ரிம்மும் ஒன்றல்ல. சொந்தப் பெயரில், சோதனை முடித்து, எளிமையாக வார்த்து விற்கப்படும் ரிம் விலை குறைவாக இருக்கலாம். அது நேர்மையான பொருள். இன்னொரு நிறுவனத்தின் பெயரைப் பொறித்து விற்பதுதான் போலி. பெயரிலேயே பொய் சொல்லும் பொருள், பலத்தில் மட்டும் உண்மை சொல்லும் என்று எப்படி நம்புவது?

தயாரிப்பு முறையிலும் பெரிய வேறுபாடு உண்டு. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு. திடமான உலோகத்தைப் பேரழுத்தத்தில் நசுக்கி வடிவம் கொடுப்பது ஃபோர்ஜிங். ரேஸ் நிறுவனம் இதற்கு 10,000 டன் அழுத்த இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. ஃபோர்ஜிங் முறையில் உலோகத்தின் உட்கட்டமைப்பு நெருக்கமாவதால், குறைந்த எடையிலேயே பலம் கிடைக்கிறது. அதற்கென வரைந்த மெல்லிய கம்பிகளின் வடிவத்தை அப்படியே வார்ப்பில் நகலெடுத்தால், ஒன்று எடை கூடும். இல்லையேல் பலம் குறையும்.

ரிம்மில் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். இது கார்களின் இலேசான உலோகச் சக்கரங்களுக்கு ஜப்பான் வகுத்த தரம். வளைவில் ஏற்படும் விசை, பாரத்தோடு நெடுநேரம் உருளுதல், ஓரத்தில் விழும் அடி ஆகிய மூன்றையும் ரிம் தாங்க வேண்டும். தயாரிப்பாளரே சோதித்து இந்த முத்திரையைப் போடலாம். அதோடு 'வி.ஐ.ஏ.' முத்திரையும் இருந்தால், தயாரிப்பாளரைச் சாராத அமைப்பு ஒன்றும் அதைச் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். ஆனால் எழுத்தை யாரும் பொறிக்கலாம். ஆகவே முத்திரையோடு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் ரசீதும் வேண்டும். தராசில் வைத்து எடை பார்க்கச் சொல்வதில் வெட்கமில்லை. நிறுவனம் அறிவித்த எடையோடு ஒத்துப் போகாவிட்டால் சந்தேகம் உறுதி.

பழைய ரிம் வாங்கலாமா?

ஜப்பானிலிருந்து வரும் பழைய ரிம்களை ஹாஃப்-கட் கடைகளில் வாங்குவது நல்ல வழிதான்; ஆனால் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். டயரைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். விரிசல் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். புதிதாகப் பெயிண்ட் அடித்த ரிம் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்த தடயம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பேலன்ஸிங் இயந்திரத்தில் சுழற்றினால் வளைவு தெரிந்துவிடும். டயரோடு விற்றால், டயரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

சட்டம் என்ன சொல்கிறது?

மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே நீட்டிக் கொண்டிருப்பது குற்றம். சாலைப் போக்குவரத்து இலாகாவினர் சோதனையில் நிறுத்தினால் அபராதம் வரலாம். ரிம்மையும் டயர் அளவையும் மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. விபத்து நடந்த பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

போலி ரிம்மை அசல் என்று விற்ற கடைமீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடரலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த மன்றம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாமல் வாதாடுவது சிரமம். இணையத்தில் தனி நபரிடம் வாங்கிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே, தவுக்கே எவ்வளவு தள்ளுபடி தருகிறார் என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். பொருந்துமா, தாங்குமா, உண்மையான பொருளா என்ற மூன்றும்தான் முதல் கேள்விகள். கையில் இருக்கும் பணத்துக்கு அசல் ரிம் எட்டவில்லை என்றால், தொழிற்சாலை ரிம்மையே சுத்தமாகப் பெயிண்ட் அடித்து, மிச்சப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கலாம். மழை நாளில் பினாங்குப் பாலத்தில் முன்னால் போகும் லோரி திடீரென்று நின்றால், காரை நிறுத்தப் போவது ரிம்மின் பெயர் அல்ல, டயரின் பிடிப்புதான்.