எட்டு முயற்சி முடிந்தது, மீதி இரண்டு

ஸ்டீபன் தாமஸ் என்ற நிரலாளரிடம் 7,002 பிட்காயின்கள் உள்ளன. ஆனால், அவரால் அவற்றைத் தொட முடியவில்லை. பிட்காயினை விளக்கும் அசைவூட்டக் காணொளி ஒன்றைத் தயாரித்ததற்காக 2011இல் கிடைத்தவை அவை. அவற்றின் சாவியை ‘அயர்ன்கீ’ என்ற பாதுகாப்பான பென் டிரைவில் பூட்டி வைத்தார். கடவுச்சொல்லை எழுதிய தாள் தொலைந்துவிட்டது. பத்து முறை தவறினால் அந்தக் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல் இச்செய்தி வெளிவந்தபோது எட்டு முயற்சிகள் முடிந்திருந்தன. அப்போது அந்த பிட்காயின்களின் மதிப்பு ஏறத்தாழ 220 மில்லியன் அமெரிக்க டாலர்!

உண்மையில் அந்த பென் டிரைவுக்குள் காசு ஏதுமில்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் வெளிப்படையாகவே உள்ளது. ‘பணப்பை’ எனப்படும் கோப்பில் இருப்பது ரகசியச் சாவி, அதாவது 256 பிட் நீளமுள்ள ஓர் எண். அதை நாம் வழக்கமாக எழுதும் முறையில் எழுதினால் 78 இலக்கங்கள் வரை நீளும். அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, அவரால் பணத்தைச் செலவிட முடியும். தொலைத்துவிட்டால் போய் முறையிட வங்கி முகப்பு கிடையாது.

அதனால்தான் பலர் பணப்பைக் கோப்பை மறையாக்கப் பெட்டகத்தில் வைக்கிறார்கள். ‘வெராகிரிப்ட்’ என்ற இலவச மென்பொருளால் நீங்களும் அத்தகைய பெட்டகத்தை உருவாக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது அர்த்தமற்ற எண்குவியல். சரியான கடவுச்சொல்லைத் தந்தால் கணினியில் இன்னொரு டிரைவாகத் திறக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோப்புகளைப் பூட்டுவது உங்கள் கடவுச்சொல் அல்ல; மென்பொருள் தற்செயலாக உருவாக்கும் தலைமைச் சாவி. அது பெட்டகத்தின் தலைப்பகுதியில் இருக்கும். கடவுச்சொல் அந்தச் சாவியை மட்டுமே பூட்டுகிறது. அதற்கு முன் கடவுச்சொல்லை வெராகிரிப்ட் வழக்கமாக 500,000 முறை கலக்கிப் புரட்டுகிறது. உங்களுக்கு அது சிறிது நேரக் காத்திருப்பு. கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்கும் திருடனுக்கோ பெருந்தொல்லை. ஆனால், தலைப்பகுதி பழுதானால் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. அதனால் பெட்டகத்தின் கடைசிப் பகுதியில் அதற்கு ஒரு மாற்றுப் பிரதியும் வைக்கப்படுகிறது.

பெட்டகம் திறந்திருக்கும் நேரத்தில் இந்தப் பூட்டு எதுவும் காப்பாற்றாது. கணினியில் தீநிரல் இருந்தால், அதுவும் உங்களைப் போலவே கோப்பைப் படிக்கும்.

தாமஸின் கதை அதோடு நிற்கவில்லை. 2023இல் ‘அன்சைஃபர்ட்’ என்ற நிறுவனம் அவ்வகை அயர்ன்கீயைத் திறக்க வழி கண்டுவிட்டதாக அறிவித்தது. தாமஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வேறு இரு குழுக்களுக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.